ஓக் ராஜாவின் கட்டில்: வகுப்பில் எந்த விளக்கத்தை எடுப்பது?

வேதாகமத்தின் உபாகமம் மூன்றாம் அதிகாரத்தை வகுப்பில் நடத்தப்போகிறவர்கள் எல்லாருமே பதினோராம் வசனத்தில் வந்து ஒரு நிமிடம் நின்றுவிடுகிறார்கள். பாசானின் ராஜாவாகிய ஓக் மட்டுமே இராட்சதரில் மிஞ்சியிருந்தவன். அவனுடைய கட்டில் இரும்பால் ஆனது, ஒன்பது முழ நீளம், நாலு முழ அகலம். அது அம்மோன் புத்திரரின் ரப்பாவில் இருக்கிறது அல்லவா என்று வசனம் கேட்கிறது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முழத்தை ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நீளம் 4 மீட்டர், அகலம் 1.8 மீட்டர்.

"அப்போ அவன் எவ்வளவு உயரம் அண்ணா?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்காமல் இருந்ததில்லை. பெரியவர்களின் வேதபாட வகுப்பில் அதே கேள்வி கொஞ்சம் தயங்கிக்கொண்டு வரும். இதற்கு நாலு விதமான விளக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. எதை எடுப்பது என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் வீட்டுக்கூட்டம் நடத்துகிறவர்களும்தான். அவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், எபிரேய வார்த்தைகள் அந்த விளக்கத்துக்கு இடம் கொடுக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஏரெஸ் என்றால் படுக்கை, பர்செல் என்றால் இரும்பு. ஒரு விளக்கம் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லவேண்டியிருந்தால் அதற்குத் தகுந்த காரணம் வேண்டும்.

இரண்டாவது, ரப்பா. இன்றைய ஜோர்தானின் தலைநகரான அம்மான்தான் அந்த ரப்பா. ஓக் ஆண்டதோ அதற்கு வடக்கே பாசானில். அதாவது இன்றைய தெற்கு சிரியாவும் கோலான் மேட்டுநிலமும். இஸ்ரவேலரோடு நடந்த போரில் அவன் விழுந்த எத்ரேயிதான் இன்று தரா என்கிற சிரிய நகரம். பாசான் ராஜாவின் கட்டில் அம்மோனியரின் ஊருக்கு ஏன் போனது? இதைத் தொடாத விளக்கம் பாதி விளக்கம்தான்.

மூன்றாவது, அதிகாரத்தின் ஓட்டம். கட்டில் தனியாக வரவில்லை. "அவனுக்குப் பயப்படவேண்டாம்" என்ற வார்த்தைக்கும் அறுபது பட்டணங்களின் வீழ்ச்சிக்கும் பின்னால் வருகிறது.

நான்காவது நாம் பெரும்பாலும் பார்க்காதது: அந்த விளக்கத்தைச் சொல்லி முடித்தபின் வகுப்பு எதை மனதில் கொண்டு வீட்டுக்குப் போகிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கனமான அளவுகோல்.

இதோடு ஒன்றைக் கவனியுங்கள். ஓக் எண்ணாகமம் 21-இல் வருகிறான்; யோசுவாவில், சங்கீதம் 135, 136-இல், நெகேமியா 9-இல் வருகிறான். எங்கேயும் அவன் உயரம் சொல்லப்படவில்லை. உபாகமத்தின் இந்த ஒரு வசனமும் கட்டிலைத்தான் அளக்கிறது. மனிதனை அளக்கவே இல்லை.

## விளக்கம் 1: கட்டில் கட்டில்தான், ஆள் பெரிய ஆள்

நேரடி வாசிப்பு இதுதான். ஏரெஸ் என்பதைப் படுக்கை என்றே வைத்துக்கொள்ளலாம், எந்த வார்த்தையையும் வளைக்கவேண்டியதில்லை. முதல் அளவுகோலில் இதற்குக் குறை சொல்ல முடியாது.

இதைச் சொல்கிறவர்கள் அவசரப்பட்டு "13 அடி உயரம்" என்று முடித்துவிடுவதுதான் தவறு. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இதை நிதானமாகக் கணக்குப் பார்த்திருக்கிறார். கட்டிலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுவாக ஆளுக்கு மேல் மிச்சமாக இருக்கும், ஆகவே ஓக் ஏறக்குறைய ஆறு முழம் என்கிறார். ஆறு முழம் என்றால் 2.7 மீட்டர். மருத்துவப் பதிவுகளில் உள்ளவர்களிலேயே உயரமான ராபர்ட் வாட்லோ என்ற அமெரிக்கர் 2.72 மீட்டர் இருந்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் வசனத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு மனித உடலின் எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பதை நான் முதலில் பார்த்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தேன்.

அதே வாட்லோ இந்த விளக்கத்தின் பலவீனத்தையும் காட்டுகிறார். அவர் நடக்கக் காலுக்கு உலோகத் தாங்கிகள் தேவைப்பட்டன. அந்தத் தாங்கி உரசிய கொப்புளம் சீழ்பிடித்து 1940-இல், 22 வயதில் இறந்தார். அந்த அளவு உயரம் ஒரு மனிதனைப் போர்வீரனாக்குவதில்லை.

"மனிதருடைய கை முழத்தின்படியே" என்ற சொற்களும் கவனிக்கத்தக்கவை. 11ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி இது ஓக்கின் சொந்த முழம் என்றார். அப்படி எடுத்தால் கட்டில் இன்னும் பெரிதாகும். ஆனால் யாருமே தன் முழத்துக்கு ஏறக்குறைய நாலு முழ உயரம்தான் இருப்பார்கள், ஆகவே அந்தக் கணக்கிலிருந்து அவன் உயரம் வெளியே வராது. நம் தமிழ் வேதாகமம் சாதாரண மனிதரின் முழம் என்று தெளிவாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. அதோடு நிற்பது நல்லது.

சரி, இரும்புக்கு என்ன பதில்? இங்கே இந்த விளக்கம் உண்மையிலேயே பலமடைகிறது. இரும்பு இன்று நமக்கு மலிவான சரக்கு. அன்று அப்படி இல்லை. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் இறந்த எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறையில் தங்கப்பிடி போட்ட ஓர் இரும்புக் கத்தி கிடைத்தது. அந்த இரும்பு விண்கல்லிலிருந்து வந்தது என்று 2016-இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. ஓர் அரசனோடு புதைக்கும் அளவுக்கு அது அரிய பொருள். இரும்பு பதித்த கட்டில் என்றால் ராஜ பொக்கிஷம். ஆலன் மில்லார்ட் என்ற அறிஞர் இந்தப் பக்கம்தான் வாதிட்டார். ஆமோஸ் 6:4-இல் தந்தக் கட்டில்கள் வருகின்றன. முழுக்கட்டிலும் தந்தமாக இருந்திருக்காது, தந்தம் இழைத்த மரக்கட்டில்தான். இதையும் அப்படியே எடுக்கலாம். பொக்கிஷம் என்றால் அது கைமாறி ரப்பாவுக்குப் போனதும் புரிகிறது: கொள்ளையாகவோ காணிக்கையாகவோ போயிருக்கும்.

மறைந்திருக்கும் விலை ஒன்று உண்டு. ஓக்கை எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறோமோ அவ்வளவு எளிதாக அதே அதிகாரத்தின் ஆறாம் வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த வசனம் பட்டணங்களின் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் சங்கரிக்கப்பட்டதைச் சொல்கிறது. ஒருமுறை நான் தரையில் சாக்பீஸால் நாலு மீட்டருக்கு 1.8 மீட்டர் கோடு போட்டு அதற்குள் பிள்ளைகளைப் படுக்கச் சொன்னேன். சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. ஒரு சின்னப் பெண் மட்டும் எழுந்து, "அந்த ஊர்ல இருந்த பிள்ளைங்களும் இராட்சதரா அண்ணா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். வசனமே ஓக் ஒருவன்தான் மிஞ்சியிருந்தான் என்கிறது. அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் அன்று வகுப்பைச் சரியாக முடிக்கவில்லை.

## விளக்கம் 2: அது கட்டில் அல்ல, கல்லறை

பாசான் முழுக்கக் கருங்கல் பூமி, எரிமலைப் பாறையான பசால்ட். கோலானிலும் ஜோர்தானிலும் ஆயிரக்கணக்கான கல்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைத்த பழங்காலக் கல்லறைகள் அவை. பெரும்பாலானவை மோசேயின் காலத்துக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியவை. வடக்கு கலிலேயாவில் ஷமீர் என்ற இடத்தில் உள்ள ஒன்றின் மூடுகல் மட்டும் சுமார் 50 டன் என்று 2017-இல் அறிவித்தார்கள். இவற்றைப் பார்த்த பிற்கால மக்கள் "இதை யார் தூக்கி வைத்திருப்பார்கள்" என்று கேட்டு, இராட்சதர் என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நம் ஊரிலும் இதே காலக் கல்லறைகள் அல்ல என்றாலும் இதே மாதிரியான ஈமக்குழிகளைப் பாண்டவர் குழி என்று சொல்கிறவர்கள் உண்டு. மனித மனம் எங்கேயும் இப்படித்தான் வேலை செய்கிறது.

இரும்பு என்பதைக் கருங்கல் என்று எடுப்பதற்கும் ஆதாரம் காட்டுவார்கள். உபாகமம் 8:9 கானானின் கற்களை இரும்பு என்கிறது. ரோமானிய எழுத்தாளர் பிளினி பசால்ட் வகைக் கல்லை இரும்பின் நிறமும் கடினமும் உள்ளது என்று எழுதினார். சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் இந்த வழியில் போய் கல் சவப்பெட்டி என்றே போட்டுவிட்டன.

எனக்கு இதில் திருப்தி இல்லை. ஏரெஸ் என்ற சொல் ஆமோஸிலும் யோபிலும் சங்கீதத்திலும் நீதிமொழிகளிலும் உன்னதப்பாட்டிலும் வருகிறது, எல்லா இடத்திலும் படுக்கைதான். யோசேப்பின் உடலை வைத்த பெட்டிக்கு ஆதியாகமம் 50:26 வேறு சொல்லைப் பயன்படுத்துகிறது. ஆக, இரண்டு வார்த்தைகளில் இரண்டையும் மாற்றவேண்டியிருக்கிறது. பாசானின் ராஜாவுக்கு அம்மோனியர் ஊரில் கல்லறை ஏன் என்ற கேள்விக்கும் நேரான பதில் இல்லை. உபாகமம் 2:20-இன்படி அம்மோனியர் தேசத்திலும் முன்பு இராட்சதர் குடியிருந்தார்கள், அங்கே இருந்த ஒரு பழைய கல்திட்டை ஓக்கின் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதன் விலையும் மறைவானதுதான். கேட்க விஞ்ஞானமாக இருப்பதால் வகுப்பில் யாரும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள். வேதத்தில் அதிசயமான எதையும் "உண்மையில் அது இன்னது" என்று சொல்லி நகர்ந்துவிடும் பழக்கம் அப்படித்தான் படிகிறது. புனித தேசப் பயணத்துக்குத் தயாராகிற குழுவுக்கு மட்டும் இதை எடுக்கலாம். கோலானில் பேருந்து ஜன்னலிலிருந்து கல்திட்டைகளைப் பார்க்கப்போகிறவர்களுக்கு அந்த நிலத்தின் நினைவு எப்படி உருவானது என்று சொல்வது பயனுள்ளது.

## விளக்கம் 3: பாபிலோனின் கட்டில்

இதைப் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். பாபிலோனின் பெரிய கோவிலான எசகிலாவின் அளவுகளைச் சொல்லும் ஒரு களிமண் பலகை பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 229-இல் ஒரு பழைய மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டது. அதில் மர்தூக் தெய்வத்தின் கட்டில் ஒன்பது முழ நீளம், நாலு முழ அகலம். ஓக்கின் கட்டிலும் அதே ஒன்பது, அதே நாலு.

அந்தக் கட்டிலுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. அசீரிய மன்னன் சனகெரிப் கி.மு. 689-இல் பாபிலோனை அழித்தான். மர்தூக்கின் கட்டில் அசீரியாவுக்குப் போனது. பிறகு அவன் பேரன் அசூர்பனிப்பால் அதைத் திருப்பி அனுப்பினான். தோற்றவனின் கட்டில் ஜெயித்தவனின் கையில் இருப்பது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் புரிந்த ஓர் அடையாளம். 2011-இல் மரியா லிண்ட்க்விஸ்ட் என்ற ஆய்வாளர், ஓக்கின் கட்டிலை இந்தப் பின்னணியில்தான் வாசிக்கவேண்டும் என்று எழுதினார். இதன்படி வசனம் சொல்வது: இவ்வளவு பெரிய கட்டில், ஒரு தெய்வத்துக்கு நிகரான கட்டில், இன்று வேறொருவர் ஊரில் வெறுமையாகக் கிடக்கிறது.

ரப்பா கேள்விக்கு நல்ல பதில். அதிகாரத்தின் ஓட்டத்துக்கும் பொருந்துகிறது.

ஆனால் இதை எடுத்தால் வசனத்தின் காலத்தையும் பேசவேண்டிவரும். பாபிலோனின் கோவிலையும் அதன் கட்டிலையும் அறிந்த ஒருவர் எழுதியது என்றால் அது மோசேக்கு நூற்றாண்டுகள் பிந்தியது. "ரப்பாவில் இருக்கிறது அல்லவா" என்ற தொனியே பிற்காலத்து விளக்கக் குறிப்பு போல இருக்கிறது என்று பழமைவாத அறிஞர்களிலும் பலர் ஒத்துக்கொள்வார்கள். ஆனாலும் ஐந்தாகமம் முழுதும் மோசேயின் கையெழுத்து என்று நம்பி வளர்ந்தவர்கள் முன் இதைப் பத்து நிமிடத்தில் போட்டு உடைப்பது நியாயம் இல்லை. இறையியல் கல்லூரி மாணவர்களுக்கும் ஆகமங்கள் உருவான விதத்தை ஏற்கெனவே பேசிய வகுப்புக்கும் இது பொருத்தமானது. மற்றவர்களுக்கு அந்த அடித்தளத்தைப் போட்டபின் வாருங்கள்.

## விளக்கம் 4: மாண்ட ராஜாக்களின் கடைசி ஆள்

நான் பெரியவர்களின் வகுப்பில் எடுப்பது இது.

தமிழ் வேதாகமம் இராட்சதர் என்று சொல்லும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது ரெப்பாயீம். ஆதியாகமம் 14:5-இல் அதே சொல் ரெப்பாயீமியர் என்று இனப்பெயராக வருகிறது. நீதிமொழிகள் 9:18-இல் அதே சொல்லுக்கு மரித்தவர்கள் என்று மொழிபெயர்ப்பு. ஏசாயா 14:9-இல் பாதாளத்தில் பாபிலோன் ராஜாவை எதிர்கொள்ள எழுகிற பழைய அதிபதிகளும் ரெப்பாயீம்தான். ஒரே சொல் ஓர் இடத்தில் இராட்சதர், இன்னோர் இடத்தில் செத்தவர்கள். தமிழில் மட்டும் வாசிக்கிறவர்களுக்கு இந்த இணைப்பு எளிதில் கண்ணில் படாது.

1928-இல் சிரியக் கடற்கரையில் ஓர் உழவரின் ஏர் ஒரு பழைய கல்லறையில் தட்டியது. அதிலிருந்துதான் உகாரித் என்ற நகரம் வெளிப்பட்டது. கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்த நகரம் அது. அங்கே கிடைத்த பலகைகளில் எபிரேயச் சொல்லுக்கு உறவான ஒரு சொல் வருகிறது. இறந்துபோன அரசர்களை அந்தப் பெயரால் அழைத்து வணங்குகிறார்கள். ஒரு பலகை இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் பெயருள்ள நித்திய ராஜா அஸ்தரோத்தில் வீற்றிருக்கிறான், எத்ரேயியில் ஆளுகிறான் என்கிறது. அஸ்தரோத் என்பதை ஊராக எடுக்காமல் தேவியின் பெயராக எடுக்கிற அறிஞர்களும் உண்டு. ஆனால் இரண்டு பெயர்களும் ஒன்றாக வருவதைத் தற்செயல் என்று விடுவது கடினம். உபாகமம் 1:4-ஐ எடுத்துப் பாருங்கள். ஓக்கின் அறிமுகத்தில் இருப்பதும் அதே அஸ்தரோத், அதே எத்ரேயி.

அப்படியானால் பாசான் வெறும் எல்லை நிலம் அல்ல. மாண்ட வீரராஜாக்களின் வல்லமை குடிகொண்ட பூமி என்று அக்கம்பக்கத்தார் பயத்தோடு நினைத்த இடம். "அவனுக்குப் பயப்படவேண்டாம்" என்பது அந்தப் பயத்துக்குச் சொன்ன பதில். கானானை வேவுபார்க்கப் போனவர்கள் ஏனாக்கியர் என்ற இராட்சத இனத்தாரைப் பார்த்து, வெட்டுக்கிளிகளைப் போல இருந்தோம் என்று திரும்பிவந்து நாற்பது ஆண்டுகள் கழித்து அவர்களின் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். இங்கே முழக்கோலின் அளவு இரண்டாம் பட்சம்.

இதன் விலை: சத்துருவுக்கு ஒரு மர்ம ஒளி வந்துவிடும். வகுப்பில் யாராவது உடனே ஆவிகள், தூதர்களின் பிள்ளைகள் என்று வேறு பக்கம் இழுத்துப்போவார்கள். நேரக்கட்டுப்பாடு தேவை. கட்டிலின் இரும்புக்கும் ரப்பாவுக்கும் இந்த விளக்கம் தனியாகப் பதில் சொல்வதும் இல்லை. முதல் விளக்கத்தின் பொக்கிஷக் கட்டிலை இதோடு சேர்த்துக்கொள்ளவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

## ஒரே பார்வையில்

| விளக்கம் | வார்த்தைகள் | ரப்பா | மறைவான விலை | யாருக்கு |
|---|---|---|---|---|
| பெரிய ஆள், பொக்கிஷக் கட்டில் | அப்படியே நிற்கின்றன | பதில் உண்டு | ஆறாம் வசனம் மறையும் | பிள்ளைகள், கலந்த சபை |
| கல்லறை | இரண்டையும் மாற்றவேண்டும் | பலவீனம் | அதிசயத்தை விளக்கித் தள்ளும் பழக்கம் | பயணக் குழு |
| பாபிலோன் கட்டில் | நிற்கின்றன | நல்ல பதில் | காலக்கணிப்பைப் பேசியாகவேண்டும் | இறையியல் மாணவர் |
| மாண்ட ராஜாக்கள் | ரெப்பாயீம் துலங்குகிறது | தனியாகப் பதில் இல்லை | மர்மத்தில் வழிதவறுவது | பெரியவர்களின் வேதபாடம் |

## தல்மூத் கதைகளைச் சேர்க்கலாமா?

பிள்ளைகளைப் பிடித்து வைக்க இவை போல வேறில்லை. யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூத்தின் பெரகோத் பகுதியில் ஓக் இஸ்ரவேலின் பாளயத்தின் மேல் போட ஒரு மலையைத் தலையில் தூக்கி வருகிறான். எறும்புகள் அதைத் துளைக்க, மலை அவன் கழுத்தில் இறங்கிவிடுகிறது. பத்து முழ உயர மோசே பத்து முழக் கோடரியோடு பத்து முழம் குதித்து அவன் கணுக்காலில் வெட்டுகிறார். இன்னொரு யூதக் கதையில் ஜலப்பிரளயத்தின்போது பேழையின் வெளியே தொற்றிக்கொண்டு தப்புகிறான், நோவா ஓட்டை போட்டு அவனுக்கு உணவு கொடுக்கிறார். இவை ரபீக்கள் பிற்காலத்தில் சொன்ன கதைகள். "ஓக் மட்டும் தப்பியிருந்தான்" என்ற ஒரு சொற்றொடரைப் பிடித்து, எதிலிருந்து தப்பினான் என்று கேட்டு விரித்தவை. சொல்லுங்கள், ஆனால் வேதபுத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொல்லுங்கள். பிள்ளை வளர்ந்தபின் அந்த எறும்பை உபாகமத்தில் தேடக்கூடாது.

## நான் எப்படிச் செய்கிறேன்

பிள்ளைகளிடம் முதல் விளக்கம்தான். ஆனால் உயரத்துக்கு எண் சொல்வதில்லை. "வசனம் கட்டிலை அளந்தது, ஆளை அளக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, இரும்பு அன்று எவ்வளவு அரிது என்பதற்குப் போகிறேன். சாக்பீஸ் கோட்டை இன்னும் போடுகிறேன். யாரையும் அதற்குள் படுக்கவைப்பதில்லை, காலியாகவே விடுகிறேன். அந்த வெறுமையைப் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

பெரியவர்களிடம் நாலாவதோடு தொடங்கி முதலாவதைச் சேர்க்கிறேன். ஆதியாகமம் 14:5, நீதிமொழிகள் 9:18, உபாகமம் 3:11 மூன்றையும் பலகையில் எழுதி, மூன்றிலும் ஒரே சொல் என்று காட்டுவேன். இராட்சதர் என்ற தமிழ்ச் சொல் நம் மனதில் கோரைப்பல்லையும் கோரமான முகத்தையும் கொண்டுவருகிறது. எபிரேயச் சொல்லில் அது இல்லை. ஓக்குக்கு மனைவியும் அரண்மனையும் பயமும் இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைக்க ரெப்பாயீம் இடம் விடுகிறது.

எந்த வகுப்பாக இருந்தாலும் ஆறாம் வசனத்தைச் சத்தமாக வாசித்தபின்தான் பதினோராம் வசனத்துக்கு வருகிறேன். அது கேட்கக் கடினமான வசனம். கேள்விகள் வரும், அவற்றுக்கு ஒரு மணி நேர வகுப்பு போதாது. அடுத்த வாரமும் அதே அதிகாரத்தில் இருக்க நேரிட்டால் இருக்கிறோம். அந்தச் சின்னப் பெண் இப்போது பெரியவர்களின் வகுப்பில் இருக்கிறாள்.